மேற்படி நோய் யார் வழி வந்தது?

கண்ணாடிக்காரருக்கு முப்பத்தாறு வயது நடந்துகொண்டிருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவர் கடையில் சிவப்பு நிறம் வெளுத்துப் போனது.

கடை பெரிய கடை ஒன்றுமில்லை. முன்பக்கம் ஃபிரேம் அடுக்கிய அலமாரி, அதன் பக்கத்தில் மனைவி உட்காரும் கவுன்ட்டர், ஒரு திரை, திரைக்குப் பின்னால் ரயில் பெட்டி மாதிரி நீளமாக ஓர் அறை. அறையின் ஒரு கோடியில் நாற்காலி, மறு கோடியில் விளக்குப் பெட்டி. பெட்டியில் பாதி சிவப்பு, பாதி பச்சை, இரண்டின் மேலும் கறுப்பு எழுத்துகள். “சிவப்புல இருக்கற எழுத்து தெளிவா இருக்கா, பச்சையில இருக்கறதா?” என்ற ஒரே கேள்வியைப் பதினான்கு வருடமாகக் கேட்டு வயிறு வளர்த்தவர் அவர்.

அன்றைக்கு நாற்காலியில் இருந்தவர் ஒரு பஸ் டிரைவர்.

“மன்னிச்சுக்குங்க, பல்பு போயிடுச்சு போல. சிவப்பு சரியா எரியல” என்றார் கண்ணாடிக்காரர்.

“எரியலையா? ரத்தமா எரியுதே! கண்ணு கூசுது சார்.”

லைசென்ஸ் புதுப்பிக்க வந்த டிரைவர், பெட்டியையே தூக்கிக்கொண்டு போய்விட்டாலும் நன்றாகத் தெரிகிறது என்றுதான் சொல்வார். அதனால் அந்தச் சாட்சியத்தை அவர் ஏற்கவில்லை. பல்பை மாற்றினார். மறுநாள் இன்னொரு பல்பு. அதற்கடுத்த நாள் பெட்டி விற்ற கம்பெனிக்கு, ‘தங்கள் தயாரிப்பின் சிவப்பு பதினான்கே வருடத்தில் சாயம் போய்விட்டது’ என்று சூடாக ஒரு கடிதம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கம்பெனிக்காரர்கள் பாவம், நல்ல மனுஷர்கள், புதுப் பெட்டியே அனுப்பிவிட்டார்கள்.

மனைவி இரண்டு பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எரியவிட்டாள்.

“என்னங்க, எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. நீங்க ஒரு கண்ணை மூடிட்டுப் பாருங்களேன்.”

ஒரு நாளைக்கு இருபது பேரிடம் அவர் சொல்லும் வாக்கியம் அது. அவரிடம் யாரும் சொன்னதில்லை. வலது கண்ணை மூடினார், சிவப்பு சிவப்பாக இருந்தது. இடது கண்ணை மூடினார், நூறு தடவை துவைத்த சட்டை மாதிரி இருந்தது. வலது கண்ணை ஓரமாகத் திருப்பினால் பின்னாலிருந்து யாரோ நூல் கட்டி இழுப்பது போல ஒரு வலி வேறு.

சிவப்பு வெளுத்து, கண்ணாடி போட்டும் தெளியாத பார்வை, கண்ணின் கோளாறு அல்ல, அதற்குப் பின்னால் ஓடும் நரம்பின் கோளாறு. வந்தவர் யாராக இருந்தாலும் இதை இரண்டு நிமிடத்தில் அவரிடம் சொல்லிவிடுவார். தனக்குச் சொல்லிக்கொள்ள ஒன்பது நாள் எடுத்தது. அதற்குள் தனக்கென்று நாலு கண்ணாடி செய்து போட்டுப் பார்த்துவிட்டார். காரணம் ஒன்றுதான். இந்தச் சங்கதி போய் முட்டக்கூடிய கதவு எது என்று அவருக்குத் தெரியும். அந்தக் கதவுக்குள்ளே பதினோரு வருடமாக அவருடைய அக்கா உட்கார்ந்திருந்தாள்.

அக்கா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். எண்ணூறு பிள்ளைகளை ஒரு விசிலில் வரிசையில் நிறுத்துகிறவள். பிள்ளைகள் வைத்த பெயரே ‘விசில்’. அவளுடைய முப்பத்து நாலாம் வயதில், அணிவகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே இடது கால் மட்டும் சொன்ன பேச்சுக் கேட்காமல் போனது. ஷூவைக் குறை சொன்னாள், மைதானத்தைக் குறை சொன்னாள், கடைசியில் ஸ்கேன் எடுத்தார்கள். மல்டிபிள் ஸ்க்லீரோசிஸ். எம்.எஸ். என்றால் போதும், வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். உடம்பைக் காக்க வேண்டிய காவல்காரனே, நரம்புகளைச் சுற்றியிருக்கும் உறையைத் திருடன் என்று நினைத்துக் கடித்துவைக்கிற நோய். உறை போன வயரில் கரண்ட் எப்படி ஓடும்? எந்த இடத்தில் கடித்தானோ அந்த இடத்து வேலை நிற்கும்.

அக்காவுக்கு அது மூன்று தடவை வந்தது. ஒரு தடவை கால், ஒரு தடவை கை மரத்தது, மறுபடி கால். மூன்று தடவையும் ஓரிரு மாதத்தில் வந்த சுவடே இல்லாமல் போய்விட்டது. “வந்தா உக்காரச் சொல்வேன், நேரமானா எழுந்து போகச் சொல்வேன். டிசிப்ளின் வேணும்” என்பாள், ஏதோ அந்த நோயும் அவளுடைய ஏழாம் வகுப்பில் படிப்பது போல.

ஒன்பதாம் நாள் மனைவி போன் செய்தாள். “அண்ணி, உங்க தம்பி நாலு கண்ணாடியை மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டுச் சுவத்தைப் பாத்துட்டிருக்காரு.”

இருபதாவது நிமிடம் அக்கா கடைக்குள் நின்றாள். கழுத்தில் விசில் அப்படியே தொங்கியது.

“எத்தனை நாளாடா?”

“ஒண்ணுமில்லக்கா, பெட்டியில சிவப்பு...”

“கண்ணை அசைச்சா வலிக்குதா?”

அவர் போட்டிருந்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்கா திரையை விலக்கி, உள்ளே நாற்காலியில் இருந்த வாடிக்கையாளரிடம், “சார், இன்னிக்குக் கடை லீவு” என்றாள். அவரும் மறுபேச்சுப் பேசாமல் எழுந்து போனார். அந்தக் குரலுக்கு அப்படி ஒரு வரம்.

அக்காவைப் பார்க்கும் அதே நரம்பு டாக்டர்தான். ஒல்லியான பெண்மணி, சிரிப்பை மருந்துச் சீட்டில் எழுதித்தான் கொடுப்பார் என்று தோன்றும். ஸ்கேன், முதுகில் நீர் எடுத்துச் சோதனை, எல்லாம் முடிந்து ஒரு வெள்ளிக்கிழமை இருவரையும் உட்கார வைத்து, இவருக்கும் அதே எம்.எஸ்.தான் என்றார். அக்காவின் முகம் ஒரு நொடி சுண்ணாம்பாக வெளுத்தது. அடுத்த நொடி முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

“சரி விடு. இதுல எனக்குப் பதினோரு வருஷ சர்வீஸ். நீ இன்னிக்குத்தான் ஜாயின் பண்ணியிருக்க. நான் சொல்றதைக் கேட்டா போதும்.”

மூன்று நாள் ஸ்டீராய்டு ஏற்றினார்கள். ஒன்றரை மாதத்தில் சிவப்பு திரும்பி வந்தது, முழுசாக அல்ல, ஓரளவுக்கு. அக்கா ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து கவுன்ட்டரில் வைத்தாள். தன் நோயின் வரலாறு, வருடவாரியாக. முதல் வருடம் இன்னது, மூன்றாம் வருடக் கடைசியில் இன்னது, இத்தனை நாளில் சரியானது, அப்போது செய்த உடற்பயிற்சிகள், தவிர்க்க வேண்டியவை. சூடு இந்த நரம்புக்கு ஆகாது, வெந்நீரில் குளிக்காதே என்பதற்கு மட்டும் மூன்று அடிக்கோடு.

“ஒரே அப்பா அம்மா. ஒரே ரத்தம். எனக்கு எப்படி நடந்துச்சோ அப்படித்தான் உனக்கும் நடக்கும். இது சிலபஸ், படிச்சுக்க.”

அவருக்கு அது பெரிய ஆறுதலாகத்தான் இருந்தது, அதை மறைக்க வேண்டாம். முன்னால் ஒருத்தி நடந்துபோன பாதை. மூன்று தடவை விழுவாள், மூன்று தடவை எழுவாள், பிறகு விசிலடிப்பாள். நமக்கென்ன குறை? நோட்டை லென்ஸ் தேய்க்கும் மேஜையிலேயே வைத்துக்கொண்டார்.

நோய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது இரண்டாம் வருடத்தில் தெரிந்தது. நோட்டின்படி அது ஓய்வு வருடம். அவருக்கோ வலது கால் கனத்தது. மருந்து ஏற்றினார்கள், கால் திரும்பியது, ஆனால் போன கால் அப்படியே திரும்பவில்லை. கடைக்கும் வீட்டுக்கும் நடுவே எண்ணூறு அடி தூரம். முன்பு மூன்று நிமிடம். இப்போது ஏழு. மூன்றாம் வருடத்தில் தாக்குதல் என்று தனியாக எதுவும் வரவில்லை, ஆனால் ஏழு நிமிடம் ஒன்பதாகிவிட்டது. அவர் எதற்கும் விழவில்லை. மெல்ல மெல்லக் குறைந்துகொண்டு வந்தார், அவ்வளவுதான்.

அக்காவுக்கு ஆத்திரம் வந்தது, பயிற்சி செய்யாத மாணவன் மேல் வருகிற ஆத்திரம்.

“பதினஞ்சு நிமிஷ எக்சர்சைஸ் பண்றியா இல்லையா?”

“பண்றேன்க்கா.”

“பண்ணினா எப்படிடா இப்படி இருக்கும்? எனக்கு இப்படி இல்லையே!”

கண்டுபிடிக்க வேண்டும் என்று ஒரு நாள் சொல்லாமல் கடைக்குப் பின்பக்கச் சந்து வழியாக வந்தாள். அங்கே குப்பைத்தொட்டிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே கண்ணாடிக்காரர் நின்று, சுகமாகப் புகை விட்டுக்கொண்டிருந்தார். புகைபிடித்தால் இந்த நோய் வேகமாகக் கால் நீட்டும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். அதற்கு அவர் பெரிதாகத் தலையாட்டியதற்கு அக்காவே சாட்சி.

அவள் திட்டவில்லை. விசிலை எடுத்து ஊதினாள். நாலு வீட்டு ஜன்னல் திறந்தது. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் கிளிப்போடு எட்டிப் பார்த்தார். தெருமுனையில் போய்க்கொண்டிருந்த சைக்கிள்காரர் போலீஸ் என்று நினைத்து இறங்கி நின்றார். கண்ணாடிக்காரர் சிகரெட்டைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டார், அதன் கூடவே மானத்தையும்.

“உனக்கு வந்தது ஒரு நோயாக்கா?” என்று அன்றைக்கு அவரும் வாயைத் திறந்துவிட்டார். “சளி பிடிச்ச மாதிரி வந்துச்சு, போச்சு. அதை வச்சுக்கிட்டு எனக்குப் பாடம் எடுக்கற. என் காலை ஒரு நாள் வாங்கி மாட்டிக்கிட்டு நடந்து பாரு, அப்புறம் ஊது விசிலை!”

அக்கா வந்த சந்து வழியாகவே போய்விட்டாள். மூன்று வாரம் இருவருக்கும் பேச்சு இல்லை. நடுவில் மனைவிதான் இரண்டு பக்கமும் தூது. “அண்ணி கேக்கச் சொன்னாங்க, மாத்திரை போட்டீங்களான்னு.” “போட்டேன்னு சொல்லு.” “எக்சர்சைஸ்?” “அதையும் போட்டேன்னு சொல்லு.” சிகரெட்டை மட்டும் அவர் நிஜமாகவே விட்டார். மூன்று தடவை விட்டு, மூன்றாவது தடவை அது இவரை விட்டது.

இந்த நேரத்தில்தான் டாக்டரம்மாவிடமிருந்து அழைப்பு. இந்த நோய் சிலருக்கு லேசாகவும் சிலருக்கு வேகமாகவும் போவதில் பரம்பரைக்கு என்ன பங்கு என்று ஓர் ஆராய்ச்சி. பல நாடுகளில் ஆயிரக்கணக்கானவர்களின் ரத்தம் சேர்க்கிறார்கள். ஒரே வீட்டில் இரண்டு பேர், இரண்டும் இரண்டு விதம், பெற்றவர்கள் இருவரும் உயிரோடு. இப்படி ஒரு குடும்பம் கிடைப்பது அபூர்வம், நாலு பேரும் ரத்தம் தர முடியுமா?

‘பரம்பரை’ என்ற அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. வீட்டில் வழக்கு ஆரம்பமாயிற்று.

அப்பா ஓய்வுபெற்ற சர்வேயர். நாற்பது வருடம் ஊரான் நிலத்தை அளந்தவர், வீட்டில் சோபாவைக்கூட டேப் பிடித்துத்தான் நகர்த்துவார். அம்மா வக்கீல் ஆபீசில் முப்பத்தைந்து வருடம் டைப் அடித்தவள். கேட்டுக் கேட்டு அவளுக்கும் வக்கீல் வாய் வந்துவிட்டது. அப்பாவைப் பற்றி எரிச்சல் வரும்போது ‘மேற்படி நபர்’ என்பாள்.

அப்பா பெரிய வரைபடத் தாளில் இரண்டு பக்கத்து வம்சத்தையும் கோடு போட்டு வரைந்தார். தன் பக்கம் கறுப்பு மை, அம்மா பக்கம் சிவப்பு மை. “எங்க பக்கம் ஆறு தலைமுறை. எல்லாரும் எண்பது வயசு வரைக்கும் நடந்தே செத்தவங்க. குறுக்க ஒரு கோடு கிடையாது.”

“ஏன், உங்க அலை சித்தப்பா எங்க? அவரை அளக்க மறந்துட்டீங்களா?”

அலை சித்தப்பா அப்பாவின் அப்பாவுக்குத் தம்பி. ரொட்டிக் கடையில் மாவு பிசைகிற வேலை. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்ததால் அலை என்று பெயர். குடிகாரர் என்பது குடும்பம் முழுக்கத் தெரிந்த சங்கதி.

“அவர் குடிச்சார். குடிக்கு எந்த வம்சத்துலயும் மருந்து இல்ல.”

“குடிச்சதுக்கு என்ன ஆதாரம்? மேற்படி நபர் கண்ணால பாத்தாரா?”

“சட்டைப் பையில எப்பவும் பாட்டில் இருக்கும்டீ!”

“போன் போடுங்க. அவர் மக இருக்காங்கல்ல, ஸ்பீக்கர்ல போடுங்க.”

அலை சித்தப்பாவின் மகளுக்கு எழுபது தாண்டிவிட்டது, அப்பாவுக்குத் தங்கை முறை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கண்ணாடிக்காரரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள், அக்காவும் வந்து மூலையில் உர்ரென்று உட்கார்ந்திருந்தாள். அப்பா கம்பீரமாகக் கேட்டார். “அம்மா, சித்தப்பா குடிப்பார்தானே? உன் அண்ணிகிட்ட அதைக் கொஞ்சம் சொல்லு.”

ஸ்பீக்கரில் பதில் கணீரென்று வந்தது.

“அண்ணே, எங்கப்பா ஒரு சொட்டு தொட்டதில்ல.”

“என்னம்மா சொல்ற? அந்தப் பாட்டில்?”

“அதுல தண்ணிண்ணே. காலி பாட்டிலா இருந்தா யாரும் நம்ப மாட்டாங்கன்னு தண்ணி ஊத்தி வச்சுக்குவாரு. சட்டையில ரெண்டு சொட்டு சாராயம் மட்டும் தெளிச்சுக்குவாரு. ‘குடிகாரன்னா முதலாளி திட்டிட்டு வேலைக்கு வச்சுக்குவான், இன்னிக்கில்லன்னா நாளைக்குத் திருந்துவான்னு நம்புவான். நோயாளின்னா நம்ப மாட்டான், அனுப்பிடுவான்’னு சொல்வாரு. நாப்பத்தொரு வயசுலேர்ந்து அப்படித்தான் நடந்தாரு. என்ன நோய்னு எந்த டாக்டருக்கும் தெரியல. நீங்க எல்லாரும் சிரிப்பீங்க, அவரும் சேந்து சிரிப்பாரு.”

அப்பா போனை வைத்தார். வென்றது அம்மா. ஆனால் அம்மா வெற்றி கொண்டாடவில்லை. “நானும்தான் சிரிச்சேன். நம்ம கல்யாணத்தப்ப வாசல்ல விழுந்தாரே, ‘இன்னிக்குமா’ன்னு கேட்டேன்” என்று மெதுவாகச் சொன்னாள்.

அதற்காக அப்பா விட்டுவிடுவாரா? தோற்ற சர்வேயர் மறுஅளவைக்கு மனுப் போடுவது வழக்கம். ஒரு வாரத்தில் அம்மாவின் பெரியம்மாவைத் தோண்டி எடுத்தார். பெரியம்மா தையல் டீச்சர். இருபத்திரண்டு வயதில் ஒரு கண் திடீரென்று தெரியாமல் போய், இரண்டு மாதத்தில் தானாகத் திரும்பியது. பார்த்துவைத்த மாப்பிள்ளை பிடிக்காமல் நடிக்கிறாள் என்று தீர்ப்புச் சொன்னது குடும்பம். கல்யாணம் ஆகி, அவருடைய நாற்பதாம் வயதில் மறுபடி ஒரு மாதம் தெரியாமல் போனது.

“அப்ப எதுக்கு நடிச்சாங்களாம்? கல்யாணம்தான் ஆயிடுச்சே?” என்றார் அப்பா.

அம்மாவே சிவப்புப் பேனாவை எடுத்துக் கொடுத்தாள். வரைபடத்தில் கறுப்பிலும் சிவப்பிலும் ஆளுக்கு ஒரு புள்ளி விழுந்தது. அது அதே நோய்தானா என்று இனி யாராலும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். இருந்தாலும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அந்த வீட்டில் அலை சித்தப்பா என்று யாரும் சொல்லவில்லை, சித்தப்பா என்று மட்டும் சொன்னார்கள்.

ரத்தம் கொடுக்கிற நாளில் நாலு பேரும் ஆஸ்பத்திரி பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அம்மா முகத்தைத் திருப்பாமல் கொடுத்தாள். அக்கா ஊசி போட வந்த நர்ஸ் நிற்கும் விதத்தைத் திருத்திவிட்டுக் கொடுத்தாள். அப்பா ஊசியைப் பார்த்தார், ஊசி அப்பாவைப் பார்த்தது, அப்பா அப்படியே கண்ணாடிக்காரரின் தோளில் சாய்ந்தார். நிற்கவே தடுமாறுகிற மகன் அப்பாவைத் தாங்க, இருவரும் சேர்ந்து சரிய, அந்தப் பக்கத்திலிருந்து அக்கா இரண்டு பேரையும் ஒரே பிடியில் பிடித்து நிறுத்தினாள்.

“விட்டுடாதக்கா” என்றார் கண்ணாடிக்காரர். மூன்று வாரத்தில் பேசிய முதல் வார்த்தை.

“விட்டா ரெண்டு பேருக்கும் பல்லு போயிடும். நேரா நில்லு.”

அப்படியாகச் சமாதானம் ஆயிற்று.

முடிவு வர இரண்டு வருடம் ஆனது. அதற்குள் வீட்டில் தேர்தல் முடிவுக்குக் காத்திருப்பதுபோல ஒரு பரபரப்பு. கடைசியில் டாக்டர் ஆராய்ச்சியில் பங்கெடுத்தவர்களை ஒரு கூட்டத்துக்கு அழைத்தார். சின்ன ஹால், பிளாஸ்டிக் நாற்காலிகள், திரையில் படம். அப்பா முன்வரிசையில் வரைபடத்தைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். இந்த நோய் வருவதற்கு ஒரு ஜீன் காரணமில்லை, இருநூறுக்கும் மேற்பட்ட சின்னச் சின்ன வித்தியாசங்கள், அவை எல்லார் உடம்பிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கின்றன. அவை இருந்தும் நோய் வராதவர்கள்தான் அதிகம். வந்த பிறகு அது லேசாகப் போகுமா, வேகமாகப் போகுமா என்பது வேறு கணக்கு. வர வைக்கும் வித்தியாசங்கள் வேறு, ஓட வைக்கும் வித்தியாசங்கள் வேறு. ஓட வைப்பதில் ஓர் இடம் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்த இடத்தில் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியும் ஒருவருக்கு வந்திருந்தால், கைத்தடி பிடிக்கும் நாள் சராசரியாக மூன்று நான்கு வருடம் முந்தி வரலாம்.

அப்பா எழுந்தார். “அப்ப ரெண்டு பக்கமும் குடுத்தாத்தான்...”

“ஆமா, அந்த ஒரு இடத்தைப் பொறுத்தவரைக்கும் ரெண்டு பக்கமும் குடுக்கணும்.”

அப்பாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு வருடம் நடந்த வழக்கில் இரண்டு தரப்பும் தோற்றது. ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். ஐம்பத்திரண்டு வருட இல்லறத்தில் முதல் தடவையாக இருவரும் ஒரே கட்சியில் சேர்ந்து டாக்டர் மேல் பாய்ந்தார்கள்.

“டாக்டரம்மா, அது எப்படி ரெண்டு பேரும்னு பொத்தாம்பொதுவா சொல்றீங்க?” என்றாள் அம்மா. “எங்க பையன் விஷயத்துல மேற்படி இடம் இருக்கா இல்லையா, அதைச் சொல்லுங்க.”

“தனித்தனியா யாருக்கும் சொல்றதில்லம்மா. ஆயிரக்கணக்கான பேரைச் சேத்துப் பாத்தாத்தான் அந்தக் கணக்குக்கு அர்த்தம். ஒரு ஆளை மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. புகை, உடம்பு, மருந்து எப்ப ஆரம்பிச்சாங்க, இன்னும் நமக்குத் தெரியாதது எவ்வளவோ இருக்கு.”

“என்னது, சொல்ல மாட்டீங்களா?” அப்பா வரைபடத்தை விரித்தே விட்டார். “ரத்தம் குடுத்து மயங்கி விழுந்தது நான்!”

ஹாலில் சிரிப்பு எழுந்தது. அப்போது கண்ணாடிக்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“அப்பா, உக்காருங்க. நாப்பது வயசு ஆனா கிட்டப் படிக்கக் கண்ணாடி வேணும்னு நான் தெருவுல போற எல்லாருக்கும் சொல்வேன், தப்பாகாது. ஆனா கடைக்குள்ள வர்ற ஒரு ஆளைப் பாத்து, அவர் முகத்தைப் பாத்தே பவர் எழுதிக் குடுக்க முடியுமா? உக்கார வச்சு, ஒவ்வொரு கண்ணா மூடி, அவர்கிட்டயே கேட்டாத்தான் தெரியும். அதான் அவங்க சொல்றாங்க.”

டாக்டர் சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்தவர்கள் அன்று அந்த ஹாலில் இருந்தவர்கள் மட்டும்தான்.

திரும்பும்போது அக்காவும் தம்பியும் ஒரே ஆட்டோவில் வந்தார்கள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அக்கா தம்பிக்கும் அதுவே என்பதை அவள் கணக்கு இத்தனை வருடம் ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டு வாசலில் அவரை இறக்கிவிட்டு, கையைப் பிடித்தபடியே சொன்னாள்.

“அன்னிக்குச் சந்துல நீ கேட்டியே... நான் திட்டினது உன்னை இல்லடா. எனக்கு லேசா வந்ததுக்கு நான் பண்ற எக்சர்சைஸ்தான் காரணம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அப்படி நினைச்சாத்தான் தூங்க முடிஞ்சுது. நீ பண்ணியும் சரியாகலன்னா, அப்ப என்னோடதும் நான் சம்பாதிச்சது இல்லதானே? எப்ப வேணா போயிடும்தானே?”

எல்லாவற்றுக்கும் முன்னால் நடந்துபோன அக்கா, முன்னால் போகிறவளுக்கு வழி காட்ட யாரும் இல்லாமல்தான் நடந்திருக்கிறாள் என்பது கண்ணாடிக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது.

“எக்சர்சைஸ் நல்லதுதான்க்கா. நான் நிஜமாவே பண்ணல” என்றார். “போட்டேன்னு சொன்னதெல்லாம் பொய்.”

“தெரியும்டா, கழுதை.”

மறுநாளிலிருந்து காலை ஆறு மணிக்கு அக்கா வந்தாள். நோட்டு இல்லை. அவர் கால் எவ்வளவு தூக்க முடியுமோ அவ்வளவு, அதற்கு மேல் கேட்கவில்லை. கால் சரியாகிவிடவில்லை, ஆனால் ஒன்பது நிமிடம் ரொம்ப நாளைக்கு ஒன்பதிலேயே நின்றது. அதற்கு மருந்து காரணமா, புகையை விட்டது காரணமா, பயிற்சியா என்று இருவரும் ஆராயவில்லை.

நாற்பத்து மூன்றாம் வயதில் கைத்தடி வந்தது. கடையில் மனைவி எல்லாவற்றையும் மாற்றி வைத்தாள். சோதனை அறையில் அவருக்குச் சக்கரம் வைத்த நாற்காலி. அதில் உட்கார்ந்து வாடிக்கையாளருக்கும் விளக்குப் பெட்டிக்கும் நடுவே ஒரு உந்தில் போய்வருவார். “நீங்க நடந்துக்கிட்டிருந்தப்ப இவ்வளவு வேகம் இல்ல” என்று அந்தப் பழைய பஸ் டிரைவர் ஒரு நாள் சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று விழித்தார். அவர் சிரித்து, “டிரைவர் கண்ணுக்கு வேகம்தானே முதல்ல தெரியும்” என்றார்.

அதற்கடுத்த வருடம் சக்கர நாற்காலியே வாங்கினார்கள், தூரமாகப் போகும்போது மட்டும். அப்பா அம்மா வீட்டுக்கு ஏழு படி. படிக்குப் பக்கத்தில் சரிவுப் பாதை கட்ட வேண்டும் என்றார் அப்பா. எண்பது வயதில் அவருக்கு ஓர் அளவை வேலை கிடைத்தது. டேப், கயிறு, மட்டப்பலகை எல்லாம் பரணிலிருந்து இறங்கின. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்று கணக்குப் போட்டு, அம்மாவின் துளசிச் செடி போகிறது, துணி துவைக்கும் கல் போகிறது என்று அவள் எழுப்பிய ஆட்சேபணைகளை எல்லாம் தள்ளுபடி செய்து, இரண்டு இடத்தில் வளைத்து, கொத்தனாரைப் படாதபாடு படுத்திப் பாதையைக் கட்டி முடித்தார்.

சிமென்ட் காய்ந்த வாரம்தான் அக்காவுக்குப் பதினான்கு வருடம் கழித்து நாலாவது தடவையாகக் கால் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அம்மா வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். அதே நேரத்துக்குக் கண்ணாடிக்காரரும் மனைவியோடு வந்து இறங்கினார். சரிவின் அடியில் இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே நின்றன.

“நீ போ” என்றாள் அக்கா.

“நீ போக்கா, புதுசா வந்திருக்க. கையால சக்கரத்தைத் தள்ளுறப்ப முன்னால சாஞ்சுக்க, உள்ளங்கை தோலுரியும், கையுறை போட்டுக்க. வளைவுல பிரேக்கைப் பிடிச்சுக்கணும்.”

“எனக்கே சொல்லிக் குடுக்கறியா?”

“இதுல எனக்கு ஒரு வருஷ சர்வீஸ்க்கா.”

அக்கா அவரை ஒரு முறை முறைத்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். “சரி, சேந்தே போவோம்” என்று சக்கரத்தை உருட்டினாள். இவரும் உருட்டினார். முதல் அடியிலேயே இரண்டு நாற்காலியும் கைப்பிடிச் சுவர்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டு முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை.

அம்மா மேலே கதவில் நின்று பார்த்தாள். “மேற்படி நபர் ஒரு ஆளுக்கு மட்டும்தான் அளந்திருக்காரு.”

அப்பா டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். இரண்டு பிள்ளைகளையும், இரண்டு பக்கத்துச் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஒருத்தருக்குன்னுதானே சொன்னீங்க” என்றார் மெல்ல. பிறகு குனிந்து, சிக்கியிருந்த இருவரையும் சேர்த்து அகலம் அளந்து, நம்பரைச் சத்தமாகச் சொன்னார். கண்ணாடிக்காரரின் மனைவி எழுதிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை கொத்தனார் மறுபடியும் வந்து சுவரை உடைத்தார்.